சக்கரத்தம்மாவின் கை

அந்த அம்மாவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. சம்பள நாளில் கூப்பிடுவதற்குத் தவிர அதனால் யாருக்கும் உபயோகம் இல்லை. கடையில், தெருவில், ஆலை வாசலில் எங்கே விசாரித்தாலும் சக்கரத்தம்மா என்றால்தான் ஆள் தெரியும். வால்வின் தலையில் உட்கார்ந்திருக்குமே ஓர் இரும்புச் சக்கரம், குழாயைத் திறக்கவும் மூடவும், அதைத் திருப்பியே காலம் தள்ளியவள்.

முதலில் குடிநீர் விநியோகத்தில் வேலை. தெருத் தெருவாகப் போய், நேரம் வந்ததும் தண்ணீர் திறந்து, நேரம் முடிந்ததும் மூட வேண்டும். மூடுகிற சமயம் குடத்தோடு ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்ளும். "பத்து நிமிஷம் விடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்." அவள் தலையே நிமிராது. "அடுத்த தெருவுல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்பாள், திருப்புவாள், நடையைக் கட்டுவாள். கல்நெஞ்சுக்காரி என்று இந்தத் தெருவில் பெயர் வாங்கினால், மகராசி என்று அடுத்த தெருவில் பெயர் வாங்குவாள். இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கல்யாணமும் அந்தச் சக்கரத்தால்தான் வந்தது. சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் ஒரு நாள் அவள் தண்ணீரை மூடியபோது, தலை முழுக்கச் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு ஒருவர் தெருவுக்கு ஓடி வந்தார். கண்ணைத் திறக்க முடியாமல் கத்தினார், கெஞ்சினார், அதட்டினார். அவள் மூடிவிட்டுத் தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றிவிட்டுப் போனாள். அவர்தான் வீட்டுக்காரர் ஆனார். "கண் எரிச்சல்ல பொண்ணு எப்படி இருக்குன்னே சரியாப் பார்க்காம கட்டிக்கிட்டேன்" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிக்காதவர்களை அவர் இன்னொரு முறை சொல்லிச் சிரிக்க வைப்பார்.

பிறகுதான் கூட்டுக் குழாய் வந்தது.

சிமெண்ட், உரம், இரும்பு, கண்ணாடி என்று நாலு ஆலைகள் அக்கம்பக்கமாக இருந்த இடம் அது. வானத்துக்கு விட்ட புகை போதும், இனிமேல் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து எடுக்காத ஆலைக்கு அனுமதி கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. பிரித்ததை எங்கே வைப்பது? கடலுக்கு அடியில், முன்பு எரிவாயு எடுத்து முடித்த பாறைக்குள். அவ்வளவு தூரத்துக்குக் குழாய் போட ஒரே ஆலையால் முடியாது. நாலு பேரும் சேர்ந்தார்கள். மற்ற மூவருக்காவது வேறு வழி இருந்தது. எரிபொருளை மாற்றிப் புகையைக் குறைத்துக்கொள்ளலாம். சிமெண்ட்டுக்கு அந்தக் கதையே இல்லை. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கல்லுக்குள்ளிருந்தே அந்த வாயு வரும். குழாயில் இடம் இருந்தால் ஆலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு வாங்கினால் சாவி யாரிடம் என்று சண்டை வராமல் இருக்குமா? இங்கே சண்டை ஈரத்தைப் பற்றி வந்தது. கரியமில வாயு உலர்ந்திருக்கும் வரை சாது. அதில் ஈரம் சேர்ந்தால் சோடா மாதிரி புளித்து இரும்பையே அரித்துவிடும். ஒருவர் ஈரமாக அனுப்பினாலும் போவது நாலு பேருடைய குழாய். அந்தக் குழாயோ குடியிருப்பைத் தாண்டி, பள்ளிக்கூடத்துப் பள்ளத்தில் வளைந்து, அப்புறம்தான் கடலுக்குப் போகிறது. உடைந்தால் அந்த வாயு மேலே போகாது. கனமானது, பள்ளத்தில் படுத்துக்கொண்டு மூச்சை நிறுத்தும்.

தானாக மூடிக்கொள்ளும் வால்வு வைக்கலாம் என்றார்கள். அதை எவன் கைவைத்துக் கெடுப்பானோ என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். ஆகவே விளக்கு எரியும், மணி அடிக்கும், மூடுவது மட்டும் ஒரு மனிதக் கை என்று முடிவானது. நாலு குழாயும் வந்து சேருகிற சந்திப்பு நிலையத்தில், நாலு ஆலையிலும் சம்பளம் வாங்காத ஓர் ஆள். ஒரே வருடத்தில் மூன்று முறை ஈரத்துக்காக மூடப்பட்ட ஆலை கூட்டை விட்டு விலக வேண்டும். இந்த மூன்று முறை விதியைப் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னது யார் தெரியுமா? சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்கள் சார்பில் உட்கார்ந்திருந்த நம் சக்கரத்தம்மாவின் வீட்டுக்காரர்தான். உர ஆலைக்காரர்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வேலைக்கு அவள் பெயர் வந்தபோது உர ஆலை மேலாளர் துள்ளினார். சிமெண்ட் ஃபோர்மேன் பொண்டாட்டி சிமெண்ட்டை மூடுவாளா என்றார். வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"சார், என் பொண்டாட்டிய உங்களுக்குத் தெரியாது. உப்பு கம்மின்னா எங்கம்மா சமைச்சதா இருந்தாலும் கம்மின்னுதான் சொல்லுவா. எங்க ஆலை ஈரத்த அனுப்பினா, உங்களுக்கெல்லாம் முன்னாடி மூடறவ அவதான். நான் எழுதித் தரேன்."

கூட்டம் சிரித்தது. அவர் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். பொத்தான் வேண்டாம், பெரிய சக்கரமாக வையுங்கள் என்றார். "பொத்தான்னா பயத்துல எவனும் அமுக்கிடுவான். சக்கரம்னா மனசு வெச்சாத்தான் திரும்பும்." அதையும் ஏற்றுக்கொண்டார்கள். வேலை கிடைத்தது.

நல்ல வருடங்கள் கொஞ்சம் இருந்தன. அதைச் சொல்லாமல் போனால் பாவம். சந்திப்பு நிலையம் ஒரே அறை. ஜன்னல், மேசை, ஆலைக்கு ஒன்றாக நேரே பேசுகிற நாலு போன், சுவரோரம் நாலு நிறத்தில் நாலு சக்கரம். ஈரத்தைக் காட்டும் முட்கள் வரிசையாகக் கண் முன்னால். ஒவ்வொரு ஷிப்டிலும் வாயுவைக் கூட்டுக் குழாயில் விடும் முன்னால் ஆலைக்காரர் போன் செய்து, "வரலாமா?" என்று கேட்க வேண்டும். அவள் முள்ளைப் பார்த்துவிட்டு "வாங்க" என்றால் வரலாம். சிமெண்ட்டிலிருந்து வரும் குரல் மட்டும் வேறு மாதிரி கேட்கும்.

"வீட்டுக்காரர் வந்திருக்கேன். கதவத் திறக்கிறீங்களாம்மா?"

"ஈரத்தத் துடைச்சிட்டு வாங்க."

இதைத் தினமும் சொன்னார்கள், தினமும் புதிதாகச் சிரித்தார்கள். பக்கத்துப் போனில் இதைக் கேட்டுக்கொண்டே காத்திருக்கும் இரும்பு ஆலைக்காரர், "உங்க குடும்பம் முடிஞ்சதும் நான் வரலாமா அக்கா?" என்பார்.

சிமெண்ட் ஆலையில் வாயுவை உலர்த்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. உயரமாக இரண்டு கோபுரங்கள், உள்ளே ஈரத்தைக் குடிக்கிற, பாசிமணி போன்ற சின்னச் சின்ன மணிகள். ஒரு கோபுரம் ஈரம் குடிக்கும்போது மற்றதைச் சூடாக்கிக் காய வைக்க வேண்டும். மணிகளுக்கும் வயதாகும். வயதானால் மாற்ற வேண்டும். அவர் கேட்டார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். சரி, நான் சமாளிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன் செய்த தப்பு அது ஒன்றுதான். சொந்தப் பிள்ளையைப் போல அந்தக் கிழட்டு மணிகளைப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் கூடுதலாகச் சூடு கொடுத்தார், சீக்கிரம் சீக்கிரமாகக் கோபுரத்தை மாற்றினார், சாப்பாட்டு நேரத்திலும் அங்கேயே நின்றார். முள் ஒழுங்காக நின்றது. முள் ஒழுங்காக நிற்கும்போது புது மணி எதற்கு என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். அவர் கெட்டிக்காரத்தனமே அவர் காலை வாரிவிட்டது.

அந்த வருடம் முதல் முறை முள் ஏறியது. அவள் மூடினாள். மாலையில் வீட்டில், "சொன்னேன் இல்ல, முதல் ஆளா மூடுவான்னு" என்று தம்பியிடம் பெருமையாகவே சொன்னார். இரண்டாவது முறை மூடியபோது பெருமை இல்லை. சாப்பிட்டார், படுத்தார், விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மணிக்கு இப்போது சொல்லியாகிவிட்டது, கப்பலில் வருகிறது என்றார்கள். கப்பல் வரும் வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று குடியிருப்பே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து போனில் கதவைத் திறக்கச் சொல்லும் பேச்சு நின்றுபோனது. மற்றவர்களைப் போல "வரலாமா?" என்று மட்டும் கேட்டார். அவளும் "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது முறை ஒரு பட்டப்பகலில் வந்தது. வெயில் ஜன்னல் வழியாக மேசையில் கிடந்தது. அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்க்க, சிமெண்ட் முள் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்து ஏறத் தொடங்கியது. மணி அடித்தது. அதோடு போனும் அடித்தது.

"ஏம்மா, நான்தான். ஏறுது, தெரியும். அடுத்த கோபுரத்துக்கு மாத்திட்டிருக்கேன். பத்து நிமிஷம் குடு, இறங்கிடும்."

பத்து நிமிஷம். குடத்தோடு நின்ற அத்தனை பேரும் கேட்ட அதே பத்து நிமிஷம்.

"ஏறிக்கிட்டே இருக்குங்க."

"இறங்கிடும்னு சொல்றேன் இல்ல. இது மூணாவதும்மா."

"தெரியும்ங்க."

"நான் உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா இத்தனை வருஷத்துல?"

கேட்டதில்லை. அதுதான் உண்மை. ஒரு புடவை கட்டச் சொல்லி, ஒரு வாய் சமைக்கச் சொல்லிக்கூட அவர் கேட்டதில்லை.  பள்ளத்து வளைவு கண்ணில் வந்தது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கமாகத்தான் நடப்பார்கள். பத்து நிமிஷ ஈரத்தில் குழாய் உடைந்துவிடுமா? உடையாது என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஆனால் உர ஆலை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? மாட்டாள். இதற்கு மேல் யோசித்தால் கை போகாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"முடியாதுங்க" என்றாள்.

போனை வைக்க மனம் வரவில்லை. அப்படியே மேசைமேல் கிடத்தினாள். எழுந்து போய்ச் சிமெண்ட் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் திருப்பினாள். அந்தச் சக்கரம் கிறீச்சிடும். முடிகிற வரைக்கும் கிறீச்சிட்டது. திரும்பி வந்து போனைக் காதில் வைத்தபோது அவர் இன்னும் அங்கேதான் இருந்தார். மூச்சு கேட்டது. அப்புறம் வைத்துவிட்டார். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுததைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

பிறகு கூட்டம் போட்டார்கள். சிமெண்ட்காரர்கள் கெஞ்சினார்கள். உர ஆலைக்காரர் விதியை எடுத்துப் போட்டார். சிமெண்ட் வெளியே போனது. புது மணிகளோடு கப்பல் வந்து சேர்ந்தபோது சுண்ணாம்புச் சூளை அணைந்திருந்தது.

வீட்டுக்காரர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை வந்தார், கை கால் கழுவினார், போட்டதைச் சாப்பிட்டார், தட்டையும் கழுவி வைத்தார். கொழுந்தனார்தான் வாசலில் நின்று கத்தினார். அவரும் அதே ஆலைதான்.

"அண்ணி, ஊரான் வீட்டுக் குழாயா அது? உங்க புருஷன் கேட்டாரு அண்ணி! எத்தனை குடும்பம் தெருவுக்கு வருது தெரியுமா?"

உள்ளேயிருந்து அவர் வந்து தம்பியின் தோளைப் பிடித்தார். "அண்ணிய ஒண்ணும் சொல்லாதே. விதி போட்டவன் நான். அங்க அவளை உக்கார வெச்சவனும் நான்."

கொழுந்தனார் அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. குடியிருப்பு மெல்லக் காலியானது. விளக்கு எரியாத ஜன்னல்கள் கூடிக்கொண்டே போயின. கடையில் அவள் போய் நின்றால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று விலை விசாரிக்கத் தொடங்குவார்கள். மகராசி என்று சொல்ல அடுத்த தெருவும் இப்போது இல்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒரு தடவை போனில் கேட்டாள்: "அம்மா, அப்பா பத்து நிமிஷம்தானேம்மா கேட்டார்?" பேரப்பிள்ளைகள் சாப்பிட்டாச்சா என்று அவள் விசாரித்தாள். மகளும் திரும்பக் கேட்கவில்லை.

மூன்று ஆலைகளோடு குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் சம்பாதிப்பது இப்போது அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் சமையல் கற்றுக்கொண்டார். துணி மடித்தார். புகை இல்லாத புகைபோக்கி தெரிகிற ஜன்னலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவள் வேலை முடிந்து வந்தால், "டீ போடட்டுமா?" என்பார். சண்டை போடுங்களேன், தட்டைத் தூக்கி எறியுங்களேன் என்று அவளுக்கு வாய் வரை வரும். எறியவே இல்லை அவர்.

சில வருடம் கழித்துக் குழாய்க்குள் ஒரு கருவியை ஓட விட்டுப் பரிசோதித்தார்கள். அதைப் பன்னி என்றுதான் கூப்பிடுவார்கள்; முட்டி மோதிக்கொண்டு உள்ளேயே போய், எங்கெங்கே அரித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரும். ஒரு கீறல் இல்லை என்று சொன்னது. நிலையத்துப் பொறியாளர் அம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எல்லாம் உங்களாலதான். அன்னைக்கு நீங்க மூடலைன்னா!" மூடாமல் இருந்திருந்தால்? அரித்திருக்குமோ, இப்படியேதான் இருந்திருக்குமோ? அதைச் சொல்ல எந்தப் பன்னியாலும் முடியாது. அவள் சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"பள்ளத்து வளைவுல?"

"அங்கயும் சுத்தமா இருக்குதாம்."

"நல்லவேளை" என்றார். உண்மையாகவே முகம் தெளிந்தது. டீ போட எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அன்னைக்குப் போன கீழ வெச்சிட்டுப் போய் மூடின இல்ல, எனக்குக் கேட்டுச்சு. சக்கரம் கத்தினது முழுசாக் கேட்டுச்சு. ஒரே சீராக் கேட்டுச்சும்மா. நடுவுல ஒரு இடத்துலகூட நிக்கல." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "உனக்குக் கை நடுங்கலையா?"

இவள் பொய் சொல்லிப் பழகியவளா? ஒரு சின்னப் பொய், நடுங்குச்சுங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்குப் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும். உப்பு கம்மி என்றால் கம்மி என்றே சொல்லிப் பழகிய நாக்கு.

"இல்லங்க. அது நடுங்கற கைக்குத் திரும்பற சக்கரம் இல்லையே."

 "அதுவும் சரிதான். பெருசா வைக்கச் சொன்னதே நான்தானே" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொஞ்சம் நடுங்கியிருக்கலாம்மா."

அவ்வளவுதான். அழுததை அவள் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மேசையில் தலை வைத்து விக்கி விக்கி அழுதேன் என்று ஒரு வார்த்தை. கேட்கப்பட்டது கையைப் பற்றி, அழுகையைப் பற்றி இல்லையே என்று அவள் புத்தி நேர்க்கோடாகவே ஓடியது. பிறகு சொல்லலாம், நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு மார்பு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சாகும்முன் தண்ணீர் கேட்டார். ஒரு சொட்டுச் சிந்தாமல் கொடுத்தாள். கட்டிலின் மறுபக்கம் நின்ற கொழுந்தனார் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நடுக்கம் வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் டீத் தட்டில் கப் கிடுகிடுவென்று ஆடியது. வயசு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். குறையவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் வயசானால் வருவதுதான், ஆனாலும் இவ்வளவு தாமதமாக வந்ததே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. சக்கரம் பிடிக்க வராத கையோடு இனி வேலை எப்படி? விலகிக்கொள்கிறேன் என்று பொறியாளர் அம்மாவிடம் சொன்னாள்.

கடைசி நாளன்று சிமெண்ட் ஆலையிலிருந்து வரும் குழாயை வெட்டி எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். இத்தனை வருடம் மூடியே கிடந்த குழாய். வெட்டி, முனையை அடைத்து, சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு போகப்போகிறார்கள். "கொஞ்சம் பொறுங்கப்பா, அம்மா ஒரு தடவை பார்க்கட்டும்" என்றார் பொறியாளர் அம்மா. ஆட்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அவள் நேரே சக்கரத்துக்குப் போகவில்லை. மேசைக்குப் போனாள். சிமெண்ட் ஆலைக்குப் பேசுகிற போன் தூசியோடு அப்படியே இருந்தது. கம்பி அறுந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதை எடுத்து, அன்று கிடத்திய மாதிரி மேசைமேல் கிடத்தினாள். அப்புறம் சுவரோரம் போய்ச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். திருப்பவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். கை நடுங்கியது. கழற்றுவதற்காகத் தளர்த்தி வைத்திருந்த சக்கரம் அந்த நடுக்கத்தில் தண்டோடு மோதிக் கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

மேசைப் பக்கம் திரும்பி, "என்னங்க, கேக்குதுங்களா?" என்றாள்.

ஆட்கள் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.